ஈயம் எந்தப் பிரிவு?

ஜெயபுரத்தில் மாயாண்டியின் காணி மூலையில் கீரை மதாளித்து வளர்ந்துவிட்டது என்று செய்தி வந்ததும் தேனுகாவுக்கு நித்திரை போய்விட்டது. கீரை நன்றாக வளர்ந்தால் கவலைப்படுகிற உத்தியோகம் வன்னி முழுக்கத் தேடினாலும் அவளுடையது ஒன்றுதான்.

தேனுகா சூழல் விஞ்ஞானி. கண்டாவளையில் நெல் விதைக்கிற வீட்டுப் பிள்ளை. மண்ணில் கிடக்கிற ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்களை எந்தெந்தச் செடி வேரால் உறிஞ்சி மேலே கொண்டுவரும் என்று ஆராய்ந்து கலாநிதிப் பட்டம் வாங்கியவள். பட்டம் வாங்கிய சூட்டோடு மண்வளப் புத்துயிர்ப்பு ஒருங்கிணைப்புச் சபையில் ஆராய்ச்சி உத்தியோகத்தராகச் சேர்ந்தாள். சபைக்குக் கிளிநொச்சியில் இரண்டு மாடிக் கட்டடம். மண்ணுக்காகத் தொடங்கிய சபை என்பதால் வருகிறவர்களின் காலில் மண் படக்கூடாதென்று முற்றம் முழுக்கச் சீமெந்து போட்டிருந்தார்கள்.

அவளை மாயாண்டியின் காணிக்குக் கொண்டுபோனது ஓர் இரத்தப் பரிசோதனை. மாயாண்டியின் மகள் அனோஜா நாலாம் வகுப்பு. வயிற்றுவலி, சோர்வு, நேற்றுப் படித்தது இன்றைக்கு மறதி என்று ஒரு வருடம் இழுபட்ட பிறகு, ஆஸ்பத்திரியில் ஒரு டொக்டர் இரத்தத்தில் ஈயம் பார்க்கச் சொன்னார். இருக்கக்கூடாத அளவு இருந்தது. எங்கிருந்து வந்தது என்று தேடியபோது காணியின் மூலை அகப்பட்டது. சண்டை முடிந்த கையோடு பழைய இரும்பு வியாபாரி ஒருவர் அந்த மூலையில் ஆறு மாதம் கொட்டில் போட்டு, உடைந்த வாகனங்களின் பற்றரிகளைப் பிளந்து உருக்கியிருக்கிறார். ஈயக் கட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டு போனார். ஏற்ற முடியாததை மண்ணுக்கு விட்டுப்போனார். மாயாண்டியின் மனைவி சிவலட்சுமி அந்த மூலையில்தான் பத்துப் பன்னிரண்டு வருடமாகக் கீரையும் மிளகாயும் போட்டுவந்தாள்.

மாயாண்டியின் தகப்பன் மலைநாட்டிலிருந்து வந்து காடு வெட்டித் திருத்திய காணி அது. விட்டுவிட்டுப் போக வேறு இடமும் இல்லை.

"அந்த மூலைய அப்படியே விட்டுட்டு மத்த எடத்துல போட்டுக்கறோம் மிஸ். ஆனா மழைக்கு அது தண்ணியோட கெணத்துப் பக்கம் வருதே" என்றார் மாயாண்டி.

"அதுக்குத்தான் செடி நடப்போறம். சூரியகாந்தி, கடுகு, தண்டுக்கீரை. மூண்டும் ஈயத்தை வேரால இழுத்து மேல கொண்டுவரும். பிறகு வேரோட பிடுங்கி, மூடின உலையில எரிச்சு, சாம்பலை அடைச்சு வைக்கலாம். திரும்பத் திரும்பச் செய்தால் மண் தேறும்."

"அப்ப கீரைய நஞ்சாக்கி மண்ணக் காப்பாத்துறீங்க."

"ஓம். ஆனால் பிடுங்கிற நாள் முக்கியம் அண்ணை. விட்டுட்டால் இலை காய்ஞ்சு விழுந்து எல்லாம் திரும்ப மண்ணுக்கே போயிடும். ஒருத்தரும் அதில வாய் வைக்கவும் கூடாது."

சிவலட்சுமி அன்றைக்கே பழைய நைலோன் வலை கொண்டு மூலையைச் சுற்றி அடைத்தாள். கிணற்றுத் தண்ணீரை நிறுத்தி, ஒவ்வொரு நாளும் சைக்கிளில் பொதுக்குழாய்க்குப் போய் வந்தாள். அதோடு அவர்கள் பக்கத்து வேலை முடிந்தது. இனிச் சபை பக்கத்து வேலை.

முளைத்து நாற்பத்தைந்தாம் நாள் இலை எடுத்துப் பரிசோதிக்கத் தேனுகா பிரதம லிகிதர் பத்மாசனியிடம் போனாள். பத்மாசனி முப்பது வருடச் சேவை. எந்தப் படிவம் எந்த இலாச்சியில் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவா.

"ஆய்வுத் தளத்திலயிருந்து இலை எடுக்கிறதெண்டால் படிவம் பதினாலு, மூண்டு பிரதி" என்றா பத்மாசனி.

"நான் நட்ட செடியக்கா. நான் எடுக்க நானே படிவம் நிரப்ப வேணுமா?"

"நீங்கள் தாறவரும் வாங்கிறவரும். ரெண்டு கையெழுத்தும் வேற வேற மாதிரி இருந்தால் நல்லம்."

தேனுகா வலது கையால் ஒன்றும் இடது கையால் ஒன்றுமாக வைத்துவிட்டு இலையை ஆய்வுகூடத்துக்கு அனுப்பினாள். முடிவு வந்தது. ஒரு கிலோ கீரையில் இருக்கலாம் என்று அனுமதித்த ஈயம் புள்ளி மூன்று மில்லிகிராம். இருந்தது பன்னிரண்டு. செடி தன் வேலையைச் செய்துவிட்டது. இரண்டு கிழமைக்குள் பிடுங்க வேண்டும் என்று சிவப்பு மையால் எழுதி, அறிக்கையைப் பணிப்பாளர் குகதாசனிடம் கொண்டுபோனாள்.

குகதாசனின் அறைக்கு இரண்டு கதவு. முதல் கதவைத் திறந்தால் இரண்டாம் கதவைத் திறக்க அனுமதி கேட்கிற கதிரை இருக்கும். தேனுகா அந்தக் கதிரையில் நாலு நாள் இருந்தாள். ஐந்தாம் நாள் உள்ளே கூப்பிட்டார். அறிக்கையில் அட்டவணையை மட்டும் பார்த்தார். ஒரு நிரலில் 'அனுமதிக்கப்பட்ட அளவு 0.3', அடுத்த நிரலில் 'பெறப்பட்ட அளவு 12'. எழுந்து வந்து கை குடுத்தார்.

"பிள்ளை, நான் இந்தச் சபைக்கு வந்து பதினொரு வருசம். அனுமதிச்சதில அரைவாசியைக்கூட ஒரு பிரிவும் எட்டினதில்லை. நீங்கள் புள்ளி மூண்டுக்கு அனுமதி எடுத்து பன்னிரண்டு செய்திருக்கிறியள். நாப்பது மடங்கு."

"சேர், அது இலக்கில்லை. அதுக்கு மேல போகக்கூடாது எண்ட எல்லை."

"எல்லையைத் தாண்டினதைத்தான் நானும் சொல்லுறன்."

"சேர், அது நஞ்சு. உடன பிடுங்கவேணும்."

குகதாசன் திரும்பக் கதிரையில் அமர்ந்தார். பிடுங்குவது என்ற சொல் அவருக்குப் பிடிக்கவில்லை. சபையின் வரலாற்றில் நட்டதெல்லாம் விழாவோடு நட்டது. பிடுங்கியதற்கு முன்னுதாரணம் இல்லை. ஒருங்கிணைப்புக் கூட்டம் ஒன்று வைக்கலாம் என்றார்.

கூட்டம் மேல்மாடி மண்டபத்தில் நடந்தது. மங்கள விளக்கு ஏற்றினார்கள். சபைக் கீதம் பாடினார்கள். மண்ணுக்காக இரண்டு நிமிடம் மௌனமாக நின்றார்கள். பிறகு மண் பிரிவின் பொறுப்பாளர் பேசினார்.

"ஈயம் மண்ணில இருக்கும்வரைக்கும் அது எங்கட. அதில ஒரு மறுப்பும் இல்லை. ஆனால் கலாநிதி சொல்லுறதைப் பாத்தால் அது இப்ப மண்ணை விட்டுப் போயிட்டுது. போன ஆளுக்கு நாங்கள் எப்பிடிப் பொறுப்பு?"

தாவரப் பிரிவின் பொறுப்பாளர் எழுந்தார். "தாவரம் எண்டால் இலை, தண்டு, பூ, காய். எங்கட பட்டியலில ஈயம் எண்டு ஒரு உறுப்பு இல்லை. மண் பிரிவு தன்ர சாமானை எங்கட செடிக்குள்ள வைச்சிருக்கு. அதை எடுத்துக்கொண்டு போகட்டும். செடியில கை வைக்கக்கூடாது."

கழிவுப் பிரிவு கடைசியாகப் பேசியது. பிடுங்கி நிலத்தில் போட்டால்தான் அது கழிவு. நிற்கிற செடியைக் கழிவு என்று சொன்னால் நாளைக்கு நிற்கிற ஆட்களையும் சொல்லவேண்டி வரும். யாராவது பிடுங்கிப் போடட்டும், அடுத்த கணமே வந்து பார்வையிடுகிறோம்.

"நான் பிடுங்கிறன்" என்றாள் தேனுகா.

மூன்று பொறுப்பாளர்களும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். ஆராய்ச்சி உத்தியோகத்தர் பிடுங்கினால் பிறகு பிடுங்குவது ஆராய்ச்சியின் வேலையாகிவிடும். அப்படி ஒரு முன்னுதாரணம் உண்டாவதைச் சபை அனுமதிக்காது என்று எழுத்தில் தந்தார்கள். ஈயம் எந்தப் பிரிவுக்கு உரியது என்று ஆராய உபகுழு ஒன்று அமைத்தார்கள். அது பிரிவதற்கு முன் தேநீர் குடித்தது.

இந்தக் கிழமைகளில் சூரியகாந்தி பூத்துவிட்டது. ஈயம் குடித்த பூ என்று பார்க்கிறவருக்குத் தெரியாது. நல்ல மஞ்சள், ஆள் உயரம். பூநகரி வீதியால் போகிற பொடியன்கள் மோட்டார் சைக்கிளை நிறுத்திப் படம் எடுத்தார்கள். கல்யாணச் சோடி ஒன்று வலையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனது. பொம்பிளை கீரைப் பாத்தியில் பட்டுச்சேலையை விரித்து இருந்தாள். சிவலட்சுமி விளக்குமாற்றோடு ஓடிப்போனாள்.

"எழும்பும்மா. அது வெசம்."

"ஒரு ஷொட் மட்டும் அக்கா" என்றான் படம் எடுக்கிறவன்.

தேனுகா எச்சரிக்கைப் பலகை கேட்டு எழுதினாள். ஆச்சரியமாக, பத்து நாளிலேயே பலகை வந்தது. எட்டடி அகலம். மேலே சபையின் பெயர், அடுத்து பணிப்பாளரின் பெயர், அவருடைய பட்டங்கள், சபையின் சின்னம், உதவி வழங்கியவர்களின் சின்னங்கள். மூன்று மொழியிலும். எச்சரிக்கை மட்டும் இல்லை.

"இடம் காணேல்லை" என்றார் பலகை கொண்டுவந்த சாரதி. "அடுத்த வருசம் அதுக்கெண்டு தனிப் பலகை வரும் எண்டு சொன்னவை."

பலகை வந்தபிறகு பார்க்க வருகிறவர்கள் இரட்டிப்பானார்கள். இப்போது அது அரசாங்கம் கட்டிய பூந்தோட்டம்.

பிறகுதான் பசுமைச் சாதனை விழா வந்தது. நாற்பது மடங்கு என்ற செய்தி எப்படியோ மேலே போய், சபையின் தலைவரே கொழும்பிலிருந்து நேரில் வருகிறார் என்றார்கள். காணியில் தகரப் பந்தல். பள்ளிக்கூடத்திலிருந்து கொடி ஆட்ட அறுபத்திரண்டு பிள்ளைகள், அதில் அனோஜாவும். தலைவருக்கு சூரியகாந்தி மாலை. தேனுகா காலையில் வந்து இறங்கினபோது குகதாசன் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்.

"இந்த மண்ணில் முன்பு என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள நான் ஒருபோதும் முயன்றதில்லை. பழையதைக் கிளறுவது எமது கொள்கை அல்ல. மண்ணைக் கிளறாமலே மண்ணைத் திருத்துகிற ஒரே சபை எமது சபை என்பதைப் பெருமையுடன் சொல்லிக்கொள்கிறேன். விஞ்ஞானிகள் எங்களுக்கு அறிக்கை தருகிறார்கள். அவற்றை நாங்கள் மிகவும் மதிக்கிறோம். அதனால்தான் திறந்து பார்த்துக் கசக்குவதில்லை."

கைதட்டினார்கள். தலைவர் கண்ணை மூடித் தலையாட்டினார்.

தேனுகா அந்தக் கைதட்டலைக் கேட்கவில்லை. அவள் கீரைப் பாத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பாத்தியில் பாதி வெறுமையாக இருந்தது. பந்தலின் பின்பக்கம் பெரிய கிடாரங்களில் சோறும் பருப்பும் இருந்தன. மூன்றாவது கிடாரத்தில் தேங்காய்ப்பூப் போட்டுக் கிளறிய கீரை வறை, ஒரு ஊருக்குக் காணும் அளவு. இரண்டு மாதமாகச் செடியில் கை வைக்கக்கூடாது என்று நின்ற தாவரப் பிரிவு, சமைப்பதற்கு என்றதும் விடியவே வந்து கூட்டம் வைக்காமல் பிடுங்கிக் குடுத்திருக்கிறது.

அவள் ஓடிப்போய்க் குகதாசனை மறித்தாள். "சேர், அந்த வறையை ஒருத்தருக்கும் குடுக்கக்கூடாது. பிள்ளைகள் இருக்கினம்."

"பிள்ளை, இது எங்கட சாதனை. சாதனையை நாங்களே சாப்பிட்டுக் காட்டாட்டி ஆர் நம்புவினம்?"

"அதில ஈயம் இருக்கு."

"மண்ணைச் சுத்தம் செய்யிற செடி எப்பிடியம்மா அழுக்காகும்?"

பக்கத்தில் நின்ற மாயாண்டி தொண்டையைச் செருமினார். "எங்க வீட்டுல தரை தொடைக்கிற துணி இருக்குங்க ஐயா. வந்து பாருங்க."

தலைவர் அதைக் கேட்டுச் சிரித்தார். கிராமத்து நகைச்சுவை தனக்கு நல்ல விருப்பம் என்றார். பிள்ளைகளைப் பாயில் வரிசையாக இருத்தித் தட்டுக் குடுத்தார்கள். முன்வரிசையில் இருந்த அனோஜா தட்டைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு தகப்பனைப் பார்த்தாள். சிவலட்சுமி நேரே நடந்துபோய், வறைக் கிடாரத்தின் அகப்பையைப் பறித்துக் கையில் வைத்துக்கொண்டு முன்னால் நின்றாள்.

"எம் புள்ள ரத்தத்துல இருக்கிறது போதும். இன்னொருத்தர் புள்ளைக்கி நான் விடமாட்டேன்."

"அந்த மனிசியை விலத்துங்கோ" என்றார் குகதாசன். இரண்டு காவலாளிகள் அவளை நோக்கி நகர்ந்தார்கள்.

தேனுகாவுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. மண்ணின் கணக்கைச் சொன்னாள், கேட்கவில்லை. இரத்தத்தைச் சொன்னாள், கேட்கவில்லை. கிடாரத்தை உதைத்துக் கொட்டலாமா என்று ஒரு கணம் நினைத்தாள்; முன்னால் நிற்கிற சிவலட்சுமிக்குச் சூடு பட்டுவிடும். அப்போதுதான் வரவு பதிகிற மேசையில் பைநிறையப் படிவங்களோடு இருந்த பத்மாசனி கண்ணில் பட்டா. தேனுகா அந்த மேசைக்கு ஓடினாள்.

"அக்கா, தளத்திலயிருந்து இலை எடுக்கப் படிவம் பதினாலு வேணும்தானே?"

"மூண்டு பிரதி."

"வாயால எடுத்தாலும்?"

பத்மாசனி மூக்குக்கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டா. பிறகு பையைத் தூக்கிக்கொண்டு எழுந்து, நேரே தலைவரின் மேசைக்குப் போய், ஏற்கனவே வறை பரிமாறியிருந்த தட்டுக்குப் பக்கத்தில் மூன்று தாளும் ஒரு பேனையும் வைத்தா.

"சேர், ஆய்வுப் பொருள் கையேற்கிறதுக்கு முதல் இதில ஒரு கையெழுத்து. பணிப்பாளர் சேரின்ர சுற்றறிக்கை. இலை, தண்டு, வேர், விதை எதையும் எவரும் எண்டு இருக்கு. சாப்பிடுகிறவைக்கு விலக்கு இல்லை."

தலைவர் படிவத்தைக் கையில் எடுத்தார்.

"'இப்பொருளில் அடங்கியுள்ளவை எவையென்பதை முழுமையாக அறிந்தே கையேற்கிறேன்' எண்டு கிடக்கு. என்ன அடங்கியிருக்கு?"

"ஈயம், சேர். பன்னிரண்டு" என்றாள் தேனுகா.

"வேற?"

"கொஞ்சம் கட்மியம்."

"'இதனால் ஏற்படும் சகல விளைவுகளுக்கும் நானே பொறுப்பாளி.'" தலைவர் அந்த வரியை இரண்டாம் தரம் வாசித்தார். "'பாவித்தபின் எஞ்சியதைப் பதினான்கு நாட்களுக்குள் முத்திரையிட்ட போத்தலில் சபையிடம் ஒப்படைப்பேன்.' எஞ்சியது எண்டால் என்ன?"

"எது வருகுதோ அது, சேர்" என்றா பத்மாசனி. "போத்தல் நான் தருவன்."

பிள்ளைகளின் பாயில் ஒரு பிள்ளை சிரித்தது. அது பின்வரிசைக்கும் பரவியது.

"பிள்ளைகளுக்கு ஆர் கையெழுத்து வைக்கிறது?" என்று கேட்டார் தலைவர்.

"பதினெட்டு வயதுக்குக் குறைஞ்சவைக்குத் தளப் பொறுப்பு உத்தியோகத்தர். பணிப்பாளர் சேர். அறுபத்திரண்டு பிள்ளைகள், மும்மூண்டு பிரதி. நூற்றியெண்பத்தாறு." பத்மாசனி குகதாசனிடம் இன்னொரு பேனையை நீட்டினா.

குகதாசன் பேனையைப் பார்த்தார். சூரியகாந்தி மாலையை யாரோ அவருக்கும் போட்டிருந்தார்கள். அதைக் கழற்றி மெதுவாக மேசையில் வைத்தார். மண் பிரிவின் பொறுப்பாளர் தட்டைத் தாவரப் பிரிவின் பக்கம் நகர்த்தினார். தாவரப் பிரிவு அதைக் கழிவுப் பிரிவின் பக்கம் நகர்த்தியது. கழிவுப் பிரிவின் பொறுப்பாளர் வயிறு சரியில்லை என்று எழுந்து போனார்.

தலைவர் தன் தட்டை இரண்டு விரலால் தள்ளி வைத்தார். "நான் வெளியில சாப்பிடுறதில்லை" என்றார்.

இரண்டு மாதமாக விஞ்ஞானம் சொல்லிக் கேளாத சபை ஒரு பேனையைக் கண்டதும் கேட்டது. சிவலட்சுமி அகப்பையைக் கீழே வைக்கவில்லை. பிள்ளைகளுக்குச் சோற்றையும் பருப்பையும் மாயாண்டியே பரிமாறினார்.

தலைவரின் வாகனம் வீதியில் ஏறியதும் குகதாசன் செய்த முதல் காரியம், அந்த மூலையில் ஒரு இலை மிஞ்சக்கூடாது என்று உத்தரவிட்டதுதான். வறை அங்கே கிடந்தால் யாராவது பரிசோதனைக்கு அனுப்பக்கூடும். செடி நின்றால் யாராவது கேள்வி கேட்கக்கூடும். உபகுழு இல்லை, விளக்கு இல்லை, மௌனம் இல்லை. மூன்று பிரிவும் கையுறை போட்டுக்கொண்டு இறங்கி, பொழுதுபடுவதற்குள் சூரியகாந்தி, கடுகு, கீரை, வறை எல்லாவற்றையும் பதினொரு பிளாஸ்ரிக் பரல்களில் அடைத்து முத்திரை வைத்தன. தேனுகா பக்கத்தில் நின்று வேர் அறாமல் பிடுங்கச் சொல்லிக்கொடுத்தாள். அவளுக்குச் சிரிப்பு வந்தது. அதோடு கண்ணும் கலங்கியது. வலைக்குள்ளே நின்றிருந்த நஞ்சு முதல்தடவையாக அந்தக் காணியை விட்டுப் போகிறது.

பரல்களைத் தெற்கே உள்ள மூடிய உலைக்கு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு ஒருவர் கையெழுத்து வைக்க வேண்டும். ஒருவரும் வைக்கவில்லை. களஞ்சியப் பொறுப்பாளர் படிவம் பதினாலை ஒருமுறை வாசித்துவிட்டுக் களஞ்சியத்தைப் பூட்டி, திறப்பையும் கையோடு எடுத்துக்கொண்டு லீவில் போனார். லொறிக்காரன் இறக்கிவிட்டுத்தான் போவேன் என்று சீமெந்து முற்றத்தில் நின்றான். கையெழுத்தில்லாத சாமானை வைத்திருக்கிற அதிகாரம் சபையில் பணிப்பாளருக்கு மட்டும்தான் உண்டென்று பத்மாசனி விதிக்கோவையைத் திறந்து காட்டினா. பதினொரு பரலும் குகதாசனின் அறைக்குள் போயின.

மேசைக்கும் கதிரைக்கும் இடமில்லை. இடம் இருந்தாலும் அவர் நஞ்சுக்குப் பக்கத்தில் உட்காரமாட்டார். மேசையை வெளி விறாந்தைக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே கதவு இல்லை. முதலாவதும் இல்லை, இரண்டாவதும் இல்லை. முதல் நாள் துணுக்காயிலிருந்து வந்த ஒரு கமக்காரன், விறாந்தையில் இருப்பவர் யாரோ லிகிதர் என்று நினைத்து, ஏழு வருடமாகத் தேடித் திரிந்த கடிதத்தைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனான். அடுத்த நாள் இருபது பேர் வந்தார்கள்.

விழா நடந்த மாசி போய் ஆனி பிறந்தது. அனோஜாவின் இரத்தத்தில் ஈயம் அரைவாசியாகக் குறைந்திருந்தது. கிணற்றை நிறுத்தியதும் கீரையை நிறுத்தியதும் வேலை செய்திருக்கின்றன என்றார் டொக்டர். அடுத்த விதைப்புக்குக் குகதாசனிடம் கையெழுத்து வாங்க மாயாண்டியும் தேனுகாவும் விறாந்தை வரிசையில் நின்றார்கள். அவர் ஓடி ஒளிய இடமில்லாததால் கையெழுத்து வைத்தார்.

"மண்ணுல எவ்வளவு கொறைஞ்சிருக்கு மிஸ்?" என்று கேட்டார் மாயாண்டி, படிக்கட்டருகே வந்ததும்.

"நூற்றுக்கு ஒரு ஆறு வீதம். முதல் போகத்துக்கு அது நல்லம்."

"அப்ப இன்னும் எத்தன போகம் போடணும்?"

"பொய் சொல்லக்கூடாது அண்ணை. பதினைஞ்சு போட வேணும்."

மாயாண்டி விரல் மடித்துக் கணக்குப் பார்த்தார். போகத்துக்குப் பதினொரு பரல். பிறகு திரும்பி, விறாந்தையில் வியர்த்து வழிந்துகொண்டிருந்த பணிப்பாளரைப் பார்த்தார். மேலே ஏறுகிற படிகளையும் பார்த்தார்.

"மாடியில ஒரு கூட்ட மண்டபம் இருக்குன்னு சொன்னீங்களே மிஸ்," என்றார் குரலைத் தாழ்த்தி. "அது எத்தன அடி?"